ஒரு யவன ராஜாவின் சில்லறைக் காசு

கிரேக்க நாணயம் என்றதும் நம் மனதில் வருவது வட்டமான வெள்ளிக் காசுதான். ஒரு பக்கம் சுருள் முடியுடன் ராஜாவின் தலை, மறுபக்கம் ஜியூஸோ அதீனாவோ. நான் இங்கே அங்கத்தினர்களுக்கு அறிமுகம் செய்ய விரும்பும் காசு அப்படிப்பட்டதல்ல. இது வெண்கலம். வட்டமும் அல்ல, சதுரம், அல்லது சதுரமாக இருக்க முயன்று சற்றே நீண்டுவிட்ட ஒரு துண்டு. நம்மில் வயதானவர்களுக்கு அந்தச் சதுர ஐந்து பைசா ஞாபகம் இருக்கும். ஏறக்குறைய அந்த அளவுதான். ஆனால் அந்த அலுமினியக் காசு ஊதினால் பறக்கும். இது பத்துப் பன்னிரண்டு கிராம் கனம்.

ஒரு பக்கத்தில் பிடரி மயிர் இல்லாத ஒரு சிங்கம், அல்லது சிறுத்தை, நின்ற கோலத்தில். அதன் மேலும் கீழும் கிரேக்க எழுத்தில் 'பஸிலியோஸ் அகதொக்ளியூஸ்', அதாவது 'அரசன் அகதொக்ளீஸினுடையது'. காசைத் திருப்பினால் நம் தேசத்து உடையும் காதணியும் அணிந்த ஒரு ஸ்திரீ, கையில் பூவுடன், நடனமாடுவது போன்ற நடையில். அவளைச் சுற்றி பிராமி எழுத்தில் 'ராஜனே அகதுக்லயேஸ'. இதற்கும் பொருள் அதேதான். மொழி பிராகிருதம். ஒரே வாசகம், இரண்டு மொழி, இரண்டு எழுத்து. நம் பழைய எழுத்துக்களை இன்று நாம் வாசிக்க முடிவதில் இந்தச் சில்லறைக் காசுக்கு ஒரு பங்கு உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ராஜாவைப் பற்றி. அகதொக்ளீஸ் என்ற பெயரில் ஸிஸிலித் தீவிலும் ஒரு கொடுங்கோலன் இருந்தான், அவன் வேறு. நம்மவர் பாக்டிரியா தேசத்து யவனர். பாக்டிரியா என்பது இன்றைய வட ஆப்கானிஸ்தான். மஹாபாரதம் பாஹ்லிக தேசம் என்று சொல்வது இதைத்தான். கி.மு. 326-ல் பஞ்சாப் வரை வந்து திரும்பிய அலெக்ஸாண்டர், அந்தப் பக்கங்களில் தன் போர்வீரர்களைக் குடியமர்த்திவிட்டுப் போனார். அவர் காலத்துக்குப் பின் அந்த நாடு ஸெலூக்கஸ் வம்சத்தாரிடம் இருந்தது. சுமார் கி.மு. 250 வாக்கில் அங்கே கவர்னராக இருந்த டியோடோடஸ் தனி ராஜாவானார். அவர் வம்சத்தைக் கவிழ்த்து யூதிடெமஸ் வந்தார். அவர் மகன் டெமெட்ரியஸ் ஹிந்துகுஷ் மலையைத் தாண்டித் தெற்கே இறங்கினார். அப்போது இங்கே மௌரிய ஸாம்ராஜ்யம் ஆட்டம் கண்டு, புஷ்யமித்ர சுங்கனின் கைக்கு மகதம் போய்க்கொண்டிருந்த காலம். இந்தக் குழப்பத்தின் நடுவில், சுமார் கி.மு. 190-க்கும் 180-க்கும் இடையில், காபூல் பள்ளத்தாக்கிலும் தக்ஷசீலத்தின் பக்கத்திலும் ஆண்டவராகக் கருதப்படுகிறார் அகதொக்ளீஸ்.

'கருதப்படுகிறார்' என்று எழுதக் காரணம் உண்டு. இவரைப் பற்றி எந்தக் கிரேக்க நூலும் ஒரு வரி சொல்லவில்லை. நம் புராணங்களிலும் இல்லை. இவருக்குப் பின் வந்த மெனாண்டருக்காவது அதிர்ஷ்டம் இருந்தது; பௌத்தர்கள் அவரை மிலிந்தன் ஆக்கி, நாகஸேனருடன் அவர் நடத்திய வாதத்தை 'மிலிந்த பஞ்ஹ' என்று ஒரு நூலாகவே வைத்துவிட்டார்கள். அகதொக்ளீஸுக்கு நூல் இல்லை, கல்வெட்டு இல்லை, கதை இல்லை. காசு மட்டும்தான். பெயர் என்ன, என்ன பட்டம் வைத்துக்கொண்டார், யாரைத் தன் முன்னோராகச் சொல்லிக்கொண்டார் என்பதெல்லாம் காசைப் பார்த்துத் தெரிந்துகொண்டவையே. அகதோஸ் என்றால் நல்ல, கிளியோஸ் என்றால் புகழ். நற்கீர்த்தி என்று நாம் பெயர் வைக்கலாம். 'டிகையோஸ்', அதாவது தர்மவான், என்று ஒரு பட்டமும் போட்டுக்கொண்டார்.

முன்னோர் விஷயம் சுவாரஸ்யமானது. இவர் சில பெரிய வெள்ளிக் காசுகளை வெளியிட்டார். ஒவ்வொன்றிலும் தனக்கு முந்தைய ஒரு ராஜாவின் உருவமும் பெயரும். பின்பக்கம், 'அகதொக்ளீஸின் ஆட்சியில்' என்ற வாசகம். அலெக்ஸாண்டர், அண்டியோக்கஸ், டியோடோடஸ், யூதிடெமஸ், டெமெட்ரியஸ், பாண்டலியோன் என்று வரிசை போகிறது. நாம் அபிவாதயே சொல்லும்போது ரிஷிகளின் பெயரை வரிசையாகச் சொல்கிறோமே, அதுபோல. ஆனால் ஒரு வித்தியாசம். டியோடோடஸின் வம்சத்தை ஒழித்தவரே யூதிடெமஸ்தான். ஒழித்தவரையும் ஒழிக்கப்பட்டவரின் குலத்தையும் ஒரே பிரவரத்தில் சேர்த்துச் சொல்ல வேண்டுமானால், அந்த ராஜாவுக்குத் தன் சிம்மாசனத்தைப் பற்றி எவ்வளவு பயம் இருந்திருக்க வேண்டும்! பயத்துக்குக் காரணமும் இருந்தது. யூக்ரடைடீஸ் என்ற தளபதி கிளம்பி, சுமார் கி.மு. 170 வாக்கில் பாக்டிரியாவைப் பிடித்துக்கொண்டார். அதன் பின் அகதொக்ளீஸின் பேச்சே இல்லை.

இப்போது சதுரத்துக்கு வருவோம். கிரேக்கர்கள் காசை வட்டமாகத்தான் அடிப்பார்கள். சதுரம் நம் தேசத்து வழக்கம். தகட்டை வெட்டி, எடை பார்த்து, மூலையைச் சற்று நறுக்கி, முத்திரை குத்துவது இங்கே இருந்த முறை. தக்ஷசீலத்துக் கடைவீதியில் சதுரச் செப்புக் காசுகள் ஏற்கெனவே புழங்கின. அகதொக்ளீஸும், அவருக்குச் சற்று முன்போ கூடவோ ஆண்ட பாண்டலியோனும் அந்த வடிவத்தையே எடுத்துக்கொண்டார்கள். வெள்ளிக் காசு போர்வீரனின் சம்பளத்துக்கும் தூரதேச வியாபாரத்துக்கும். வெண்கலம் கறிகாய் வாங்க, ஓடக்காரனுக்குக் கொடுக்க, எண்ணெய் வாங்க. அதைக் கையில் வாங்குகிறவனுக்குக் கிரேக்கம் தெரியாது. அவன் கண்ணுக்குப் பழகிய வடிவத்திலும், அவன் ஊரில் யாராவது வாசிக்கக்கூடிய எழுத்திலும் இருந்தால்தான் சந்தேகமில்லாமல் வாங்கிக்கொள்வான்.

நான் முப்பத்தைந்து வருஷம் வங்கியில் வேலை பார்த்தவன். அதில் பெரும்பகுதி கவுண்டரில். சில்லறை விஷயத்தில் ஜனங்களின் மனது எப்படி என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். ஆயிரம் ரூபாய் நோட்டைக்கூட அதிகம் பார்க்காமல் மடித்து வைத்துக்கொள்கிறவர், புதிதாக வந்த ஐந்து ரூபாய் காசை நாலு தரம் திருப்பிப் பார்த்துவிட்டு "வேறே கொடுங்கோ" என்பார். சர்க்கார் செல்லும் என்று சொன்னால் மட்டும் போதாது. கடைக்காரர் செல்லும் என்று சொல்ல வேண்டும். நம் ரூபாய் நோட்டில் பதினைந்து மொழிகளில் மதிப்பு அச்சிட்டிருப்பதும் இதே காரணத்தால்தான். சின்னாளப்பட்டியில் இருக்கிற ஒரு பாட்டி அதில் 'நூறு ரூபாய்' என்று தமிழில் பார்த்துத் திருப்தி அடையலாம். அகதொக்ளீஸ் இதை இரண்டாயிரத்து இருநூறு வருஷம் முன்பு செய்தார்.

எழுத்துப் பரிமாற்றம் ஒருவழிப் பாதையாகவும் இருக்கவில்லை. யவனர்களின் எழுத்து நம்மவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். பாணினி 'யவனானீ' என்ற சொல்லுக்கு விதி சொல்லியிருக்கிறார். அது யவனர்களின் லிபியைக் குறிக்கும் என்று காத்யாயனர் விளக்கினார். அசோகர் தன் யவனப் பிரஜைகளுக்காகக் கிரேக்கத்திலேயே சாஸனம் வெட்டினார். காந்தஹாரில் 1958-ல் கிடைத்த பாறையில் கிரேக்கமும் அராமிக்கும் இருக்கின்றன. இந்திய ராஜா யவனருக்காகக் கிரேக்கத்தில் எழுதினார். இரண்டு தலைமுறை கழித்து யவன ராஜா இந்தியருக்காக பிராமியில் எழுதினார். இதில் யார் யாருக்குக் கற்றுக்கொடுத்தார்கள் என்று நம்மிடையே சிலர் சண்டைக்கு வருவதுண்டு. அந்தச் சண்டையில் எனக்கு ருசி இல்லை. ராஜ்யம் நடத்துகிறவனுக்கு ஜனங்களிடம் விஷயம் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

காசில் இருக்கும் அந்த ஸ்திரீ யார்? பூவைப் பார்த்து லக்ஷ்மி என்று சொன்னவர்கள் உண்டு. ஸுபத்ரை, அதாவது ஏகாநம்சை, என்று சொல்பவர்களும் உண்டு. சாதாரண நாட்டியப் பெண் என்றவர்களும் இருந்தார்கள். ஸுபத்ரை என்ற யோசனை எங்கிருந்து வந்தது என்றால், அதற்கு ஒரு பெரிய கதை இருக்கிறது.

வட ஆப்கானிஸ்தானில், ஆக்ஸஸ் என்கிற ஆமு தரியா நதியும் கோக்சா நதியும் கூடும் இடத்தில் ஐ கானும் என்று ஓர் ஊர். 1961-ல் அப்போதைய மன்னர் ஜாஹிர் ஷா வேட்டைக்குப் போனபோது அங்கே கிரேக்க வேலைப்பாடுள்ள கல் ஒன்றைப் பார்த்தார். அதன்பேரில் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் பால் பெர்னார் தலைமையில் வந்து தோண்டினார்கள். அரண்மனை, நாடக அரங்கம், உடற்பயிற்சிக் கூடம் என்று ஒரு முழுக் கிரேக்க நகரமே வெளிப்பட்டது. 1970 அக்டோபரில் அரண்மனை அறை ஒன்றில் ஒரு ஜாடி கிடைத்தது. உள்ளே 600-க்கும் மேற்பட்ட இந்திய முத்திரைக் காசுகள். அவற்றுடன் அகதொக்ளீஸின் சதுர வெள்ளிக் காசுகள் ஆறு. ஒரு பக்கம் கிரேக்க எழுத்தும், கலப்பையும் உலக்கையும் ஏந்திய ஒரு தெய்வமும். மறுபக்கம் பிராமி எழுத்தும், சங்கமும் சக்கரமும் ஏந்திய ஒரு தெய்வமும். கலப்பை, உலக்கை என்றால் ஸங்கர்ஷணர், நம் பலராமர். சங்கு சக்கரம் யார் என்று நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இன்று நமக்குக் கிடைத்திருக்கும் பலராம கிருஷ்ண உருவங்களில், காலம் நிச்சயமாகச் சொல்லக்கூடிய மிகப் பழையவை இந்தக் காசுகளில் இருப்பவைதான். மதுராவில் அல்ல, துவாரகையில் அல்ல. ஆமு தரியாக் கரையில், ஒரு யவனரின் காசில்! தலையில் குடைபோல ஓர் அலங்காரம், இடுப்பில் வாள், காலில் முன்பக்கம் வளைந்த செருப்பு. கிரேக்கச் சிற்பியின் கைவேலை என்று சொல்ல முடியாது. சக்கரத்தில் ஆறு ஆரங்கள்கூடத் தெரிகின்றன. பிரதானமான கிரேக்கப் பக்கத்தில் அண்ணாவை வைத்து, மறுபக்கத்தில் தம்பியை வைத்திருப்பதைக் கவனியுங்கள். வ்ருஷ்ணி குலத்தில் மூத்தவருக்கு முதல் இடம் என்ற மரியாதை அந்தத் தூர தேசத்துக்கும் தெரிந்திருந்தது. தமிழ்ச் சங்கப் பாடல்களிலும் பனைக்கொடியோனும் மாயோனும் சேர்ந்தே பேசப்படுவது வாசகர்களுக்கு நினைவு வரலாம்.

இதை வைத்துக்கொண்டு அகதொக்ளீஸ் கிருஷ்ண பக்தர் என்று சில பிரசங்கங்களில் சொல்கிறார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். அதே மனிதர் டயோனைஸஸ் என்ற திராக்ஷை தெய்வத்தையும் ஜியூஸையும் போட்டுக் காசு அடித்தவர். வேறொரு வெண்கலக் காசில் வளைவு வளைவாக ஒரு மலையும், வேலிக்குள் ஒரு மரமும் இருக்கின்றன; அதைப் பௌத்தச் சின்னம் என்கிறார்கள். ஊருக்கு ஊர், மனிதருக்கு மனிதர் யாரைக் கும்பிடுகிறார்களோ அந்தத் தெய்வத்தைக் காசில் வைத்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எனக்கு முக்கியமாகப் படுவது ராஜாவின் பக்தி அல்ல. காசு அடிக்கிற அளவுக்கு அங்கே வாஸுதேவ ஸங்கர்ஷணர்களைக் கும்பிட்ட ஜனங்கள் இருந்தார்கள் என்பதே. பாணினி வாஸுதேவனிடம் பக்தி உள்ளவனைக் குறிக்கும் சொல்லுக்குத் தனி விதி வகுத்தார். அவர் பிறந்ததாகச் சொல்லும் சலாதுரம் சிந்து நதிக்கரைப் பக்கம்தான். பாணினியின் விதிக்கு இந்த வெள்ளிக் காசு ஒரு சாட்சி.

நிஜமான யவன பாகவதர் ஒருவர் உண்டு. மூன்று வருஷம் எனக்கு போபாலில் உத்தியோகம். ஊரிலிருந்து யார் வந்தாலும் சாஞ்சி ஸ்தூபத்துக்கும், அங்கிருந்து பத்துக் கிலோமீட்டர் தள்ளி விதிஷாவுக்கும் அழைத்துப் போவது என் வழக்கமாகிவிட்டது. விதிஷாவை ஒட்டிய பேஸ்நகரில், மரத்தடியில் ஒரு கல் தூண் நிற்கிறது. ஊர்க்காரர்கள் அதைக் 'கம்ப பாபா' என்பார்கள். தக்ஷசீலத்து யவனர், டியோன் மகன் ஹீலியோடோரஸ், அண்டியால்கிடஸ் ராஜாவின் தூதராக வந்து, தேவதேவனான வாஸுதேவனுக்கு நிறுத்திய கருடத்வஜம் அது. தன்னை பாகவதன் என்றே வெட்டி வைத்திருக்கிறார். காலம் சுமார் கி.மு. 110. 1877-ல் கன்னிங்ஹாம் அந்தத் தூணைப் பார்த்தார்; ஆனால் பல காலமாகப் பூசி வந்த செந்தூரம் கனமாகப் படிந்திருந்ததால் எழுத்து கண்ணில் படவில்லை. 1909-ல் செந்தூரத்தை நீக்கிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. என்னுடன் வந்த ஒரு மாமி, "யவனனோ யாரோ, பெருமாளுக்குக் கம்பம் நட்டிருக்கான், சேவிச்சுக்கோங்கோ" என்று சொல்லிப் பிரதக்ஷிணம் வந்துவிட்டார். ஆராய்ச்சிக் கட்டுரைகளைவிடச் சுருக்கமான முடிவு!

ஒரு சின்ன விஷயத்தையும் சொல்லிவிட்டுப் போகிறேன். அகதொக்ளீஸ், பாண்டலியோன், இரண்டாம் யூதிடெமஸ் ஆகிய மூவரும் வெளியிட்ட சில வட்டக் காசுகள் செம்பும் நிக்கலும் கலந்தவை. ஏறக்குறைய முக்கால் பங்கு செம்பு, கால் பங்கு நிக்கல். நிக்கல் என்று ஓர் உலோகம் இருப்பதே 1751-ல்தான் ஸ்வீடனில் கண்டுபிடிக்கப்பட்டது. நம் சர்க்கார் அந்தக் கலவையில் ஒரு அணாவை 1907-ல் அடித்தது. அந்த யவனர்களுக்குச் சீனத்திலிருந்து அந்த உலோகம் வந்தது என்று ஒரு வாதம் வெகுகாலம் நடந்தது. போகட்டும்.

இனி எழுத்தின் கதை. டெல்லி அங்கத்தினர்களுக்கு பெரோஸ் ஷா கோட்லா தெரியும். கிரிக்கெட் மைதானத்துக்குப் பக்கத்தில். அதன் இடிபாடுகளின் உச்சியில் நிற்கும் அசோக ஸ்தம்பம் முதலில் அங்கே இருந்ததல்ல. சுமார் 1356-ல் சுல்தான் பெரோஸ் ஷா துக்ளக், தோப்ரா என்ற கிராமத்திலிருந்து அதை இலவம் பஞ்சு சுற்றி, 42 சக்கரம் வைத்த வண்டியில் ஏற்றி, யமுனையில் படகில் கொண்டுவந்தார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுப் பிராமணப் பண்டிதர்களை வரவழைத்தார். ஒருவராலும் வாசிக்க முடியவில்லை. சிலர் மட்டும், "பெரோஸ் என்ற சுல்தான் வரும்வரை இந்தத் தூணை யாராலும் அசைக்க முடியாது என்று எழுதியிருக்கிறது" என்று சொன்னதாக ஷம்ஸ் ஸிராஜ் அபீப் என்ற சரித்திரக்காரர் எழுதி வைத்திருக்கிறார். நம்மவர்களின் சமயோசிதத்தை மெச்சலாம். ஆனால் உண்மை என்ன? வேதத்தை ஓர் அக்ஷரம் பிசகாமல் மூவாயிரம் வருஷம் வாயால் காத்த நாம், கண் எதிரே கல்லில் இருந்த எழுத்தைக் காக்கவில்லை. பிராமி மாறி மாறி நாகரியாகவும் கிரந்தமாகவும் தமிழாகவும் ஆகிவிட்டது. மூலத்தை வாசிக்க ஆள் இல்லை. அசோகர் என்ற பெயர் புராணத்து ராஜ வம்சப் பட்டியலில் ஒரு பெயராக மட்டும் கிடந்தது.

1830-களில் கல்கத்தா நாணயசாலையில் உலோகத்தின் மாற்றுப் பார்க்கும் அதிகாரியாக இருந்தவர் ஜேம்ஸ் பிரின்ஸெப். காசியிலும் அதே வேலை பார்த்தவர். ஆசியச் சங்கத்தின் இதழை நடத்தினார். தேசத்தின் எல்லா மூலையிலிருந்தும் அவருக்குக் கல்வெட்டுப் படிகளும் பழைய காசுகளும் வந்து குவிந்தன. ஆப்கானிஸ்தானத்திலிருந்து அனுப்பியவர் சார்லஸ் மாஸன். கம்பெனி ராணுவத்திலிருந்து ஓடிப்போய்ப் பெயரை மாற்றிக்கொண்டு, காபூலுக்கு வடக்கே பேக்ராம் சமவெளியில் ஆயிரமாயிரமாகக் காசு சேகரித்தவர். மெனாண்டர் முதலான ராஜாக்களின் காசுகளில் ஒரு பக்கம் கிரேக்கத்தில் இருக்கும் பெயரும் பட்டமும் மறுபக்கம் வேறு எழுத்தில் இருக்கின்றன என்று கண்டு சொன்னவர் மாஸன்தான். அந்த வேறு எழுத்து கரோஷ்டி. அதை வாசிக்க அது வழிகாட்டியது. ஆனால் பிராமிக்கு அந்தக் காசுகள் உதவாது. யவன ராஜாக்களில் பிராமியைக் காசில் பொறித்தவர்கள் இரண்டே பேர், பாண்டலியோனும் அகதொக்ளீஸும். பின்னால் வந்தவர்கள் எல்லாரும் கரோஷ்டிக்குப் போய்விட்டார்கள்.

1836-ல் ஜெர்மனியின் பான் நகரில் இருந்த ஸம்ஸ்கிருத பண்டிதர் கிறிஸ்டியன் லாஸன், பிறப்பால் நார்வேக்காரர், அகதொக்ளீஸின் இந்தக் காசை எடுத்துக்கொண்டார். ஒரு பக்கம் கிரேக்கத்தில் பெயர் தெளிவாக இருக்கிறது. மறுபக்கத்து எழுத்துக்களும் அதே பெயராகத்தான் இருக்க வேண்டும். அப்படியானால் இது அ, இது க, இது து, இது க்ல. முன்னால் இருப்பது ரா, ஜ. இப்படி ஆறேழு எழுத்து நிச்சயப்பட்டது. இதில் 'து' என்பது 'ரதம்' என்ற வடசொல்லில் வருகிறதே, அந்த அழுத்தமான த. கிரேக்கத் 'தீட்டா' அந்தக் காலத்தில் அப்படித்தான் உச்சரிக்கப்பட்டது என்பதற்கு மொழி ஆராய்ச்சியாளர்களுக்கும் இது ஒரு சான்று.

பூட்டு முழுவதும் இந்த ஒரு சாவியால் திறந்தது என்று சொன்னால் மிகையாகும். மறு வருஷம், 1837-ல், பிரின்ஸெப் முன் சாஞ்சி ஸ்தூபத்தின் வேலிக் கற்களில் இருந்த சிறு சிறு வாசகங்களின் படிகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரே இரண்டு எழுத்தில், ஒரு புள்ளியுடன், முடிவதைக் கவனித்தார். கோயிலில் நம்மவர்கள் டியூப் லைட்டில்கூட 'உபயம்' என்று எழுதுவார்களே, அதுபோல இவை நன்கொடையாளர்களின் பெயர்களாக இருக்கும் என்று ஊகித்தார். அந்த இரண்டு எழுத்து 'தானம்'. அதற்கு முன் வரும் எழுத்து 'ஸ', வேற்றுமை உருபு. அதன் பிறகு டெல்லித் தூண் சில வாரங்களில் வாசிக்கப்பட்டது. 'தேவானாம்பிரிய பியதஸி' என்ற ராஜா பேச ஆரம்பித்தார். அவர்தான் அசோகர் என்பது இலங்கையில் இருந்த ஜார்ஜ் டர்னரின் பாலி நூல் ஆராய்ச்சியால் தெளிவாயிற்று. ஆனால் ஊகத்துக்கு முந்தி, சந்தேகத்துக்கு இடமில்லாமல் சில எழுத்துக்களைக் கையில் கொடுத்தது அகதொக்ளீஸின் காசு. இரண்டு வழியில் வந்த மதிப்புகளும் பொருந்தியதால்தான் வாசிப்பில் நம்பிக்கை பிறந்தது. கணக்கு ஒத்துப்போவது எவ்வளவு நிம்மதி என்று வங்கிக்காரர்களைக் கேளுங்கள்.

பிரின்ஸெப் அந்த உழைப்பில் உடல் நலம் கெட்டு 1838-ல் ஊர் திரும்பி, 1840-ல் நாற்பது வயதில் லண்டனில் காலமானார். கொல்கத்தா அங்கத்தினர்கள் மாலையில் காற்று வாங்கப் போகும் பிரின்ஸெப் காட் அவர் நினைவாகக் கட்டியதுதான்.

பிராமி திறந்த கதவு தெற்கேயும் வந்தது. மதுரைக்குப் பக்கத்தில் மாங்குளம் குகையில் இருந்த எழுத்தை 1882-ல் ராபர்ட் ஸிவெல் கண்டார். எழுத்து பிராமி என்று தெரிந்தது; மொழிதான் புரியவில்லை. அது தமிழ் என்று 1924-ல் நிலைநாட்டியவர் கே.வி. சுப்பிரமணிய ஐயர். ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்துகொண்டே குகை குகையாக ஏறி இறங்கி, 2003-ல் அவை எல்லாவற்றையும் ஒரே பெரிய நூலாகத் தந்தவர் ஐராவதம் மகாதேவன், 2018-ல் மறைந்தார். ழ, ள, ற, ன ஆகிய நம் எழுத்துக்களுக்கு அங்கே தனி வடிவம் இருந்தது அவர்கள் உழைப்பால் தெரிகிறது. மற்ற எழுத்துக்களை அடையாளம் காண அடிப்படை போட்டவர்களின் வரிசையில் லாஸனும் பிரின்ஸெப்பும் இருக்கிறார்கள். அவர்கள் கையில் அந்தச் சதுரக் காசு.

ஐ கானும் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1978-ல் ஆப்கானிஸ்தானில் குழப்பம் தொடங்கியதும் அகழாய்வு நின்றது. அதன்பின் வந்த வருஷங்களில் கொள்ளைக்காரர்கள் அந்த நகரத்தை அங்குலம் அங்குலமாகக் குழி பறித்துவிட்டார்கள். 1970-ல் அந்த ஆறு காசுகள் ஜாடியோடு, எந்த அறையில், எந்தக் காசுகளோடு என்ற விவரத்தோடு கிடைத்ததால்தான் நாம் இத்தனையும் பேச முடிகிறது. திருட்டுக் குழியிலிருந்து வரும் காசுக்கு ஊர் கிடையாது, அறை கிடையாது, கூட இருந்த காசும் கிடையாது. நூலில் இடம்பெறாத ஒரு ராஜாவுக்கு மிச்சமிருக்கும் சரித்திரமே காசுதான் என்னும்போது, இது எவ்வளவு பெரிய நஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

நாணயம் சேகரிக்கும் ஆசை உள்ள இளைஞர்கள் என்னிடம் யோசனை கேட்பதுண்டு. 1972-ம் வருஷத்துச் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசு புராதனப் பொருள். அதை வெளிநாட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. அகதொக்ளீஸ் காசைப் பார்க்க ஆசை இருந்தால் கொல்கத்தா இந்தியன் மியூஸியத்தின் நாணயத் தொகுப்பு இருக்கிறது. லண்டன் பக்கம் போகிறவர்களுக்கு பிரிட்டிஷ் மியூஸியம். சென்ற வருஷம் உறவுக்காரப் பையன் ஒருவன், டெல்லியில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் மலிவாகக் கிடைத்தது என்று கிருஷ்ணர் போட்ட சதுரக் காசு ஒன்றைக் கொண்டுவந்து காட்டினான். ஓரத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னேன். நாலு பக்கமும் வார்ப்பு அச்சு சேர்ந்த கோடு நிரடியது. பிராமி எழுத்தும் இடவலம் மாறிக் கண்ணாடியில் பார்ப்பது போல இருந்தது. அவன் அதை இப்போது சாவிக்கொத்தில் மாட்டியிருக்கிறான்.